படவணு இலச்சினையைத் திசையன் வரைவாக மாற்றுதல்: செம்மொழி மாநாட்டு இலச்சினையை முன்வைத்துத் தமிழ் எழுத்துருவச் சிக்கல்கள்

ஆய்வுச்சுருக்கம்

நிறுவனங்கள், மாநாடுகள், ஊர்கள் ஆகியவற்றின் இலச்சினைகள் பெரும்பாலும் சிறிய அளவிலான படக்கோப்புகளாகவே எஞ்சுகின்றன. அவற்றைப் பெரிதாக்கி அச்சிடவும் துணியில் தைக்கவும் கல்லில் பொறிக்கவும் திசையன் வரைவு தேவைப்படுகிறது. இம்மாற்றத்தைத் தன்னியக்க மென்பொருள்கள் சில நொடிகளில் செய்துவிடுகின்றன. ஆயினும் தமிழ் எழுத்தின் புள்ளி, சுழி, கால் ஆகிய நுண்கூறுகள் அம்மென்பொருள்களின் பொது விதிகளுக்குள் அடங்குவதில்லை. 2010ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் இலச்சினை, ‘ஆனைமலை’ என்னும் ஊர்ப்பெயரின் பழைய அச்சுவடிவம், கொடுமணல் முதலிய இடங்களின் பானையோட்டுக் கீறல்கள் ஆகிய மூன்றையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்மாற்றத்தின் இயங்குமுறையையும் அதில் நேரும் இழப்புகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இலச்சினை, படவணு, திசையன், பெசியே வளைவு, புள்ளி, எழுத்துச் சீர்திருத்தம், கீறல் குறியீடு, ஆனைமலை.

முன்னுரை

உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் நடைபெற்றது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் அங்கேயே கூடியது. ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டு முறையையும் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்ததும் அம்மாநாட்டையொட்டியே ஆகும். எழுத்துகளைக் கணினியில் எவ்வாறு சேமிப்பது என்னும் வினாவுக்கு அவ்வகையில் விடை கிடைத்தது. எழுத்துகள் ஓவியத்தோடு கலந்து நிற்கும் இலச்சினைகளை எவ்வாறு சேமிப்பது என்னும் வினா இதனின் வேறானது. ஒருங்குறி எழுத்தின் அடையாளத்தைக் காக்கிறதே அன்றி அதன் வரிவடிவத்தைக் காப்பதில்லை. வரிவடிவத்தைக் காக்கும் பொறுப்பு வரைவுக்கோப்பைச் சார்ந்தது.

இலச்சினையை மறுவரைவு செய்தல் அச்சுத்தொழிலாளரின் வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழாய்வாளர்க்கும் அதில் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஒரு மங்கிய கோட்டை எழுத்தின் உறுப்பாகக் கொள்வதா, படத்தின் மாசாகக் கொள்வதா என முடிவு செய்பவர் அவ்வெழுத்தைப் படிப்பவராகவும் இருத்தல் வேண்டும்.

படவணுவும் திசையனும்

ராஸ்டர் எனப்படும் படவணு வடிவம், படத்தைச் சதுரக் கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு நிறமதிப்பைத் தருவது. நெடுக்கில் 200, குறுக்கில் 200 எனப் படவணுக்கள் கொண்ட இலச்சினை ஒன்றில் 40,000 கட்டங்கள் உள்ளன. ஒரு கட்டத்திற்கு 3 பைட் எனக் கொண்டால், சுருக்கப்படாத நிலையில் அதன் அளவு 1,20,000 பைட் ஆகும். அதனைப் பத்து அடி அகலப் பதாகையில் அச்சிட்டால் ஒவ்வொரு படவணுவும் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் பக்கமுடைய சதுரமாக விரியும். வளைந்த கோடு படிக்கட்டாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

வெக்டர் எனப்படும் திசையன் வரைவில் கட்டங்கள் இல்லை. கோடு எங்கே தொடங்கி, எவ்வாறு வளைந்து, எங்கே முடிகிறது என்னும் கணிதக் குறிப்பே சேமிக்கப்படுகிறது. இதற்கு அடிப்படையாக அமைவது பெசியே வளைவு. பிரான்சு நாட்டு மகிழுந்து நிறுவனங்களில் பணியாற்றிய இருவர் உடற்கூட்டின் வளைவுகளை வரையறுக்க இதனைத் தனித்தனியே உருவாக்கினர். ஒருவர் சித்ரோயன் நிறுவனத்தின் பால் தெ காஸ்தெல்ழோ. மற்றவர் ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியே. முப்படி வளைவு ஒன்றிற்கு நான்கு புள்ளிகள் போதும். முதலும் இறுதியும் வளைவின் மீதே அமைவன. இடையிலுள்ள இரண்டும் கைப்பிடிப் புள்ளிகள்; அவை வளைவைத் தம்பால் ஈர்க்குமே அன்றிப் பொதுவாக வளைவின் மீது அமையா. சுழிக்கோலத்தில் கோடு புள்ளிகளைத் தொடாமல், ஆயினும் அப்புள்ளிகளால் நெறிப்படுத்தப்பட்டுச் செல்வதை இதனோடு ஒப்பிட்டு உணரலாம். வளைவின் நடுவிடம், முனைப்புள்ளிகள் ஒவ்வொன்றிலிருந்தும் எட்டில் ஒரு பங்கையும் கைப்பிடிப் புள்ளிகள் ஒவ்வொன்றிலிருந்தும் எட்டில் மூன்று பங்கையும் பெற்று அமையும்.

முழுவட்டம் ஒன்றினை நான்கு முப்படி வளைவுகளால் வரையலாம். கைப்பிடியின் நீளம் ஆரத்தின் 0.5523 மடங்காக இருப்பின், உண்மை வட்டத்திலிருந்து நேரும் விலகல் ஆரத்தின் 0.03 விழுக்காட்டிற்கும் குறைவு. ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் இது மூன்றில் ஒரு மில்லிமீட்டரை எட்டாது. எட்டுத்திசைப் பதாகையாயினும் சட்டைப்பை முத்திரையாயினும் அதே நான்கு வளைவுகள் போதுமானவை. திசையன் வரைவின் வலிமை இதில் அடங்கியுள்ளது.

இந்த வேறுபாடு கொங்கு வட்டாரத் தொழில்களில் நேரடியாக உணரப்படுவது. திருப்பூர்ப் பின்னலாடைகளில் சட்டக அச்சு பதிக்க ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிப் படலம் பிரிக்கப்படுகிறது. நிறங்களின் எல்லை கூர்மையாக இல்லையெனில் படலங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. ஒட்டுத்தாள் வெட்டும் கருவியும் கல்லில் பொறிக்கும் கணினிக்கருவியும் கோட்டின் வழியே கத்தியையோ உளியையோ நகர்த்துபவை. அவற்றிற்குக் கட்டங்களால் பயனில்லை, பாதையே வேண்டும்.

செம்மொழி மாநாட்டு இலச்சினையின் அமைப்பு

செம்மொழி மாநாட்டு இலச்சினை ஆழிப்பேரலை மோதும் குமரிமுனைத் திருவள்ளுவர் சிலையை மையமாகக் கொண்டது. சிந்துவெளி நாகரிகத்தைச் சுட்டும் ஏழு உருக்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. பெருமை அதிகாரத்தைச் சேர்ந்த 972ஆம் குறளின் தொடக்கத்தொடர் அதன் முழக்கமாக அமைந்தது. மறுவரைவு நோக்கில் இதனை மூன்று அடுக்குகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, சிலையும் அலையும் அடங்கிய ஓவிய அடுக்கு. கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் 133 அடி உயரத்தில் எழுந்து, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அச்சிலையின் புறவரை பலரும் அறிந்தது. அலையின் நுனியில் சிறு மாறுதல் நேர்ந்தாலும் காண்பவர் அதனை அலையாகவே கொள்வர். இவ்வடுக்கு பிழைகளைப் பெரிதும் தாங்கவல்லது.

இரண்டாவது, எழுத்தடுக்கு. இது பிழையைத் தாங்காது. மேற்குறித்த குறட்டொடரில் மட்டும் ஏழு மெய்யெழுத்துகள், அதாவது ஏழு புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளி மறைந்தாலும் சொல் சொல்லாக நிற்காது.

மூன்றாவது, சிந்துவெளி உருக்களின் அடுக்கு. இதன் இயல்பு தனித்தன்மையுடையது. எழுத்தில் நேரும் பிழையைத் தமிழறிந்தவர் எவரும் கண்டுகொள்வர். பொருள் இன்னும் முடிவாகாத குறியில் நேரும் பிழையைக் கண்டுகொள்வோர் மிகச் சிலரே. பிழை அங்கே ஓசையின்றி நிலைபெற்றுவிடும்.

தன்னியக்க வரைவின் இயங்குமுறை

ஓவியம், எழுத்து, குறி என்னும் வேறுபாட்டைத் தன்னியக்க மென்பொருள் அறியாது. பீட்டர் செலிங்கர் உருவாக்கிய போட்ரேஸ், கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப்பிலும் பயன்படுத்தப்படுவது. அதன் செயல்முறை வெளிப்படையாக விளக்கப்பட்டுள்ளது. முதலில் படம் கறுப்பு, வெள்ளை என இரண்டே மதிப்புகளாக்கப்படுகிறது. அடுத்து, கறுப்புப் பரப்புகளின் எல்லைகள் மூடிய சுற்றுகளாகப் பிரித்தெடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் மிகப் பொருத்தமான பலகோணம் கணிக்கப்படுகிறது. பின்னர், பலகோணத்தின் ஒவ்வொரு முனையும் கூர்முனையாக நிற்க வேண்டுமா, வளைவாக மழுங்க வேண்டுமா என்பது ஓர் எல்லைமதிப்பைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. இறுதியில் அடுத்தடுத்த வளைவுகள் இயன்றவரை ஒன்றிணைக்கப்படுகின்றன.

இச்செயல்முறையில் மூன்று இடங்களில் தமிழ் எழுத்து பாதிப்புறுகிறது.

அ. புள்ளி இழப்பு

படத்தில் படிந்த தூசு போன்ற சிறு மாசுகளை நீக்குவதற்காக, ஒரு குறிப்பிட்ட பரப்பிற்கு உட்பட்ட தனித்திட்டுகளை மென்பொருள் தவிர்த்துவிடுகிறது. போட்ரேஸில் இவ்வெல்லை இயல்புநிலையில் 2 படவணுக்கள். சிறிய இலச்சினை ஒன்றில் எழுத்தின் உயரம் 10 படவணுக்கள் எனக் கொண்டால், அதன் மேலுள்ள புள்ளி ஒன்றிரண்டு படவணுக்களுக்கு மிகாது. மென்பொருளின் பார்வையில் அது தூசு. ‘க்’ ‘க’ ஆகும். ‘ம்’ ‘ம’ ஆகும்.

மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய நூன்மரபு கூறும் இலக்கணம். ஓலைச்சுவடிகளில் புள்ளி இடப்படாமையும் பரவலான வழக்கு. அங்குப் புள்ளியின்மை எழுதும் மரபு. படிப்பவர் முன்பின் நோக்கிப் புள்ளியை வருவித்துக்கொண்டனர். இலச்சினையில் நேரும் புள்ளியின்மை அத்தகைய மரபு அன்று. ஓர் எண்ணளவின் விளைவு. மேலும், சில புள்ளிகள் மறைந்து சில எஞ்சுவதால், எஞ்சிய புள்ளிகள் மறைந்தவை தொடக்கத்திலிருந்தே இல்லாதவை என்னும் தோற்றத்தைத் தருகின்றன.

ஆ. சுழி அடைபடுதல்

‘ண’ மூன்று சுழி. ‘ன’ இரண்டு சுழி. இவற்றின் சுழிகளுக்கிடையே உள்ள வெளி சிறிய படத்தில் ஒரு படவணு அகலமே இருக்கும். அப்படவணு கறுப்பும் அன்றி வெள்ளையும் அன்றிச் சாம்பல் நிறமாக நிற்கும். இருமதிப்பாக்கும்போது எல்லைமதிப்பு சற்றே உயர்ந்தாலும் வெளி அடைபட்டுவிடும். ‘மணம்’ ‘மனம்’ எனவும் ‘ஆணை’ ‘ஆனை’ எனவும் மயங்குவதற்கு இவ்வொரு படவணு போதும். ‘எ’, ‘ஏ’ ஆகியவற்றை வேறுபடுத்தும் கீழ்க்கோடும், ‘ர’கரத்தைக் காலிலிருந்து வேறுபடுத்தும் அடிச்சாய்வும் இத்தகையனவே.

ஜேபெக் வடிவில் சேமித்த படங்களில் இச்சிக்கல் பெருகுகிறது. அம்முறை படத்தை எட்டுக்கு எட்டு என்னும் படவணுத் தொகுதிகளாகப் பகுத்து, கண்ணுக்கு எளிதில் புலனாகாத நுண்விவரங்களைக் குறைத்துச் சேமிப்பது. ஒளிப்படத்திற்கு ஏற்ற இம்முறை, கறுப்பும் வெள்ளையும் கூர்மையாகச் சந்திக்கும் எழுத்தின் ஓரங்களில் சாம்பல் அதிர்வுகளை உண்டாக்குகிறது. மென்பொருள் அவ்வதிர்வுகளையும் கோடாகக் கருதி வரையக்கூடும்.

இ. முனை மழுங்குதல்

கூர்முனை, வளைவு என்னும் தேர்வு படம் முழுவதற்கும் ஒரே எல்லைமதிப்பால் செய்யப்படுகிறது. தமிழ் எழுத்திலோ இரண்டும் ஒரே எழுத்தில் கலந்து நிற்கின்றன. ‘ட’, ‘ப’ ஆகியவை செங்கோண முனைகளால் ஆனவை. ‘ஞ’, ‘ழ’ ஆகியவை வளைவுகளால் செறிந்தவை. எல்லைமதிப்பை வளைவுக்கு ஏற்ப அமைத்தால் ‘ப’ கிண்ணம்போல் உருள்கிறது. முனைக்கு ஏற்ப அமைத்தால் ‘ழ’ முறிந்த கோடுகளின் தொகுதியாகிறது.

ஊர்ப்பெயரின் பழைய வடிவம்: ஆனைமலை

பொள்ளாச்சியை அடுத்து ஆழியாற்றின் கரையில் அமைந்த ஆனைமலையின் பெயர் இச்சிக்கலின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ஈரோட்டில் பிறந்த பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய மாற்றங்களை ஒட்டியது அது. அதன்படி 13 உயிர்மெய்களின் வடிவம் மாறியது. ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களுமாக ஒன்பது. ணை, லை, ளை, னை என நான்கு. ‘ஆனைமலை’ என்னும் நான்கெழுத்துப் பெயரில் ‘னை’, ‘லை’ என இரண்டெழுத்துகள் அப்பட்டியலைச் சேர்ந்தவை. பெயரின் பாதி அவ்வாணையால் வடிவம் மாறியது.

பழைய வடிவில் ஐகாரக்குறி எழுத்தோடு ஒட்டித் துதிக்கைபோல் வளைந்து நின்றது. குறியும் எழுத்தும் இணைந்து ஒரே கூறாக அமைந்தன. புதிய வடிவில் ஐகாரக்குறி தனித்து முன்நிற்கிறது. வழக்கமான அச்செழுத்தில் எண்ணினால், பழைய ‘ஆனைமலை’ நான்கு தனிக்கூறுகளால் ஆனது; புதியது ஆறு கூறுகளால் ஆனது.

1978க்கு முன் அச்சான முத்திரை, விலைச்சீட்டு, கூட்டுறவு அமைப்பின் இலச்சினை போன்றவற்றை மறுவரைவு செய்வோர்க்கு எளிய வழியாகத் தோன்றுவது, பெயரை இன்றைய எழுத்துருவில் தட்டச்சு செய்து ஓவியத்தின்கீழ் இணைத்துவிடுவது. அவ்வாறு செய்யும்போது கோடுகள் கூர்மை பெறுகின்றன, காலச்சான்று அழிகிறது. நாளிடப்படாத ஓர் அச்சுத்தாளின் காலத்தைக் கணிக்கத் துணைசெய்யும் சான்றுகளுள் எழுத்துவடிவமும் ஒன்று. ஒருங்குறியில் பழைய ‘லை’க்கெனத் தனிக் குறியெண் இல்லை, இரு வடிவங்களும் ஒரே குறியெண்களால் குறிக்கப்பெற்று, எழுத்துருவின் வேறுபாடாகவே கொள்ளப்படுகின்றன. எனவே, பழைய வரிவடிவத்தைத் திசையன் வரைவில் காப்பாற்றத் தவறினால், உரைக்கோப்பிலிருந்து அதனை மீட்க இயலாது.

வரைதலும் வாசித்தலும்: கீறல் குறியீடுகள்

செம்மொழி மாநாட்டு இலச்சினையின் சிந்துவெளி உருக்கள் எழுப்பும் வினா தொல்லியல் ஆய்விற்கும் உரியது. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பு சிந்துக் குறிகளை 417 என வகைப்படுத்தியது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் தமிழ்ப் பிராமிப் பொறிப்புகளோடு கீறல் குறியீடுகள் கொண்ட பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்தன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறைக்காக கா. ராஜனும் இரா. சிவானந்தமும் செய்து 2025இல் வெளியான வடிவியல் ஆய்வு, தமிழ்நாட்டின் 140 இடங்களைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட கீறல் ஓடுகளைக் கருத்திற்கொண்டு, அவற்றின் குறியீடுகளை 42 அடிப்படைக் குறிகள், 544 திரிபுகள், 1,521 கூட்டுவடிவங்கள் எனப் பகுத்தது.

அடிப்படைக் குறி, திரிபு என்னும் பகுப்பு முழுவதும் புறவரையைச் சார்ந்தது. ஒரு குத்துக்கோட்டின் நுனியில் சிறு கிளை உண்டா, இல்லையா என்பதே ஒரு வடிவத்தைத் திரிபாகக் கொள்வதற்குப் போதுமானதாகலாம். ஓட்டின் ஒளிப்படத்தைத் தன்னியக்கமாக வரையும்போது மட்கலத்தின் விரிசலும் மணற்பருக்கையும் நிழலும் இத்தகைய கிளைகளாக மாறக்கூடும். மறுபுறம், அழகிய இலச்சினையாக்கும் நோக்கில் கையால் சீர்செய்யும்போது உண்மையான கிளை நீக்கப்படலாம்; சாய்ந்த கோடு நேராக்கப்படலாம்; சமமற்ற இரு பக்கங்கள் சமமாக்கப்படலாம். முன்னது இல்லாததைச் சேர்க்கிறது. பின்னது உள்ளதை நீக்குகிறது. இரண்டும் பார்வைக்குத் தெளிவான கோடுகளாகவே முடிகின்றன. மங்கிய படம் தன் ஐயத்தைத் தானே வெளிப்படுத்தி நிற்பது. திசையன் கோடோ ஐயத்தை மறைத்து உறுதியின் தோற்றத்தைத் தருவது. ஒப்பீட்டாய்வில் அத்தோற்றமே தரவாக எடுத்துக்கொள்ளப்படும் ஆபத்து உண்டு.

மறுவரைவிற்கான ஒழுங்கு

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகளை வகுக்கலாம்.

1. கிடைக்கும் படிகளுள் மிகப் பெரியதையும் சுருக்கப்படாததையும் தேர்தல் வேண்டும். அச்சுப்படி கிடைப்பின், அங்குலத்திற்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் வருடுதல் நன்று.

2. சிறிய படம் மட்டுமே இருப்பின், அதனை நான்கு மடங்கு பெரிதாக்கி, இடைமதிப்புகளை நிரப்பிய பின்னரே இருமதிப்பாக்க வேண்டும். சாம்பல் படவணுக்களில் பொதிந்துள்ள ஓரத்தின் இருப்பிடம் இவ்வாறு செய்கையில் ஓரளவு காப்பாற்றப்படும்.

3. ஓவியம், எழுத்து, குறி ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்தல் வேண்டும். தன்னியக்க வரைவை ஓவிய அடுக்கிற்கு மட்டும் பயன்படுத்தலாம். எழுத்தடுக்கில் மாசுநீக்க எல்லையைச் சுழியமாக்கி, மாசுகளைக் கண்ணால் பார்த்து நீக்குதல் வேண்டும்.

4. எழுத்துகளைக் கையால் வரையும்போது கணுக்களை வளைவின் உச்சி, அடி, இட, வல எல்லைகளில் இடுதல் வேண்டும். தன்னியக்க வரைவில் பல கணுக்கள் பெறும் ஒரு புள்ளிக்கு நான்கு கணுக்கள் போதும்.

5. மூலப்படத்தையும் வரைவையும் தனிக்கூறுகளின் எண்ணிக்கையாலும் உட்துளைகளின் எண்ணிக்கையாலும் ஒப்பிடுதல் வேண்டும். மூலத்தை நேரிற்கண்டு எண்ணிய எண்ணிக்கையோடு வரைவின் எண்ணிக்கை ஒத்துவரவில்லையெனில், ஒரு புள்ளி மறைந்ததோ ஒரு சுழி அடைபட்டதோ எனத் தேட வேண்டும். எழுத்தறியாத கருவியும் செய்யத்தக்க எளிய சோதனை இது.

6. சிதைந்த இடங்களை ஊகித்து வரைந்தால், அக்கோடுகளை விட்டுவிட்டு அமையும் கோடாகத் தனி அடுக்கில் காட்டுதல் வேண்டும். எஸ்விஜி வடிவம் கோப்பினுள்ளேயே தலைப்பையும் விளக்கக்குறிப்பையும் சேர்க்க இடந்தருகிறது. இலச்சினையிலுள்ள சொற்களை ஒருங்குறியில் அங்கே எழுதி வைத்தால், வளைவுகளாக மாறிவிட்ட எழுத்துகளும் தேடலில் அகப்படும். மூலப்படத்தை வரைவோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே திசையனாக வடிவமைக்கும் வழியும் உண்டு. செம்மொழி மாநாடு முடிந்த மூன்று வாரத்திற்குள், 2010 ஜூலை 15 அன்று இந்திய அரசு ஏற்றுக்கொண்ட உரூபாய்க் குறி இதற்கு நல்ல சான்று. தமிழ் எழுத்துருவியலில் ஆய்வு செய்த த. உதயகுமார் வடிவமைத்த அக்குறி, அவ்வாண்டு அக்டோபரில் ஒருங்குறியின் 6.0 பதிப்பில் இடம்பெற்றது. இரண்டு கிடைக்கோடுகளும் ஒரு வளைவும் ஒரு சாய்வும் கொண்ட அதன் எளிமை, எந்த எழுத்துருவிலும் எந்த அளவிலும் வரையத்தக்கதாக அதனை ஆக்கியது.

முடிவுரை

படவணு இலச்சினையைத் திசையனாக்குதல் படத்தைத் தெளிவாக்கும் தொழில்நுட்பம் மட்டுமன்று. எழுத்தையும் குறியையும் மறுபடி எழுதும் செயல். ஓலையிலிருந்து ஓலைக்கும், ஓலையிலிருந்து அச்சிற்கும் நூல்கள் பெயர்ந்தபோது நேர்ந்த பாடவேறுபாடுகளை ஆராயும் மரபு தமிழ்ப் பதிப்புத்துறைக்கு உண்டு. படவணுவிலிருந்து திசையனுக்குப் பெயரும் இன்றைய படியெடுப்பிற்கும் அதே விழிப்பு வேண்டும். எண்ணற்ற நிறுவன இலச்சினைகளும் ஊர் முத்திரைகளும் கீறல் குறியீடுகளும் இப்போது மின்வடிவம் பெற்றுவருகின்றன. இன்று வரையப்படும் கோடுகளே நாளைய ஆய்வாளர் காணும் மூலமாக நிற்கும். புள்ளியைத் தூசாகக் கருதும் கருவிக்கு அது புள்ளி என உணர்த்துவது தமிழறிந்தவரின் கடமையாகும்.